லி பாய், து ஃபூ: ஏழை வீட்டில் இரண்டு இரவுகள் (விவாத இழை)

ஆற்றோரம் எழுதியது:

8-ஆம் நூற்றாண்டில், தாங் வம்ச காலத்தில் வாழ்ந்த சீனக் கவிஞர்கள் லி பாயையும் து ஃபூவையும் ஒப்பிடும்போது எல்லோரும் பாடுவது ஒரே பாட்டுத்தான். லி பாய் ஆகாயம், து ஃபூ பூமி. அவர் குடித்துவிட்டு நிலாவோடு ஆடுவார், இவர் போரையும் பஞ்சத்தையும் பார்த்து அழுவார். சீனர்களே ஒருவரைக் கவிச்சித்தர் என்றும் மற்றவரைக் கவிச்சான்றோர் என்றும் பட்டம் கட்டி வைத்துவிட்டார்கள். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் கவிதைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காமலே போய்விடுவோம்.

அதனால் ஏறக்குறைய ஒரே சூழலை இருவரும் எழுதிய இரண்டு கவிதைகளை எடுத்துக்கொள்கிறேன். இரண்டிலும் கவிஞர் வழியில் ஓர் ஏழை வீட்டில் இரவு தங்குகிறார். இரண்டு வீட்டிலும் ஒரு கிழவி இருக்கிறாள்.

முதலில் லி பாய். இன்றைய ஆன்ஹுய் மாகாணத்தில் வூசோங் மலையடிவாரம், சுன் பாட்டி வீடு. மொத்தமே எட்டு வரி. தனிமை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்று தொடங்குகிறார். இலையுதிர் காலத்து வயல் வேலையில் குடியானவர்கள் படாத பாடு படுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் குளிரில் இரவெல்லாம் தானியம் குத்துகிறாள். பாட்டி மண்டியிட்டுக் காட்டரிசிச் சோற்றை நீட்டுகிறாள், தட்டின் மேல் நிலா வெளிச்சம் விழுகிறது. அப்போது அவருக்கு ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. ஹான் ஷின் என்பவன் சோற்றுக்கு வழியில்லாமல் திரிந்தபோது ஆற்றங்கரையில் துணி வெளுத்த ஒரு பெண் அவனுக்குச் சோறு போட்டாள். அவன் பெரிய ஆளான பிறகு அவளுக்குப் பொன்னாகத் திருப்பிக் கொடுத்தான். என்னால் எதைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்று லி பாய் கூசிப்போகிறார். மூன்று முறை நன்றி சொல்கிறார். சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் து ஃபூ. 759-ஆம் ஆண்டு. தாங் அரசுக்கு எதிராகத் தளபதி ஆன் லுஷான் கிளப்பிய கலகம் 755 கடைசியில் வெடித்து இன்னும் ஓயவில்லை. யெசெங் நகர முற்றுகையில் அரசுப் படை சிதறிவிட்டது, ஊர் ஊராக ஆள் பிடிக்கிறார்கள். ஷிஹாவ் என்ற ஊரில் து ஃபூ தங்கிய இரவில் அதிகாரி கதவைத் தட்டுகிறான். வீட்டுக் கிழவர் சுவரேறிக் குதித்து ஓடிவிடுகிறார். கிழவி போய்க் கதவைத் திறக்கிறாள். அவன் கத்துகிறான், அவள் அழுதுகொண்டே பேசுகிறாள். மூன்று மகன்கள் யெசெங்கில் காவலுக்குப் போனார்கள். ஒருவனிடமிருந்து கடிதம் வந்தது, மற்ற இருவரும் இப்போதுதான் செத்தார்கள் என்று. வீட்டில் ஆம்பளை யாரும் இல்லை, பால்குடிப் பேரன் மட்டும்தான். அவனுடைய தாய் இருக்கிறாள், வெளியே வர முழுத்துணி கிடையாது. எனக்கு வயசாகிவிட்டது, இருந்தாலும் இந்த ராத்திரியே உங்களோடு வருகிறேன், ஹெயாங்குக்குப் போய்ப் படைக்குக் காலைச் சோறாவது ஆக்கிப் போடுவேன். நடுநிசியில் பேச்சு அடங்குகிறது. யாரோ விம்முவது போலக் கேட்கிறது. விடிந்ததும் கவிஞர் புறப்படுகிறார். விடைபெற்றுக்கொள்ளக் கிழவர் ஒருவர்தான் இருக்கிறார்.

24 வரியில் கவிஞர் தன் மனநிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'வருந்தினேன்' என்றுகூட இல்லை. பாதிக்கு மேல் கிழவியின் பேச்சு. அதிகாரியின் கேள்விகளைக்கூட அவர் எழுதவில்லை, அவள் பதிலிலிருந்து நாமே ஊகிக்க வேண்டும்.

என் கட்சி இதுதான். லி பாய்க்கு ஏழைகள் மேல் கரிசனம் இல்லை என்பது தப்பு. அந்தச் சோற்றுத் தட்டைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அந்தத் தட்டு கடைசியில் லி பாயின் கூச்சத்தைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. து ஃபூ சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, கவிதையைக் கிழவியிடமே கொடுத்துவிடுகிறார். கருப்பொருளைவிட, கவிஞர் எங்கே நிற்கிறார் என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

யார் பெரியவர் என்ற பேச்சு மட்டும் வேண்டாம். கவிஞர் ஹான் யூ அந்தச் சண்டையை 9-ஆம் நூற்றாண்டிலேயே கிண்டல் செய்துவிட்டார்: பெரிய மரத்தை ஆட்டிப் பார்க்கும் எறும்புகள் என்று.

---

வெட்டிப்பேச்சு எழுதியது:

நல்ல ஜோடி. ஆனால் உங்களுக்குத் தோதான லி பாயை எடுத்திருக்கிறீர்கள். நான் வேறு ஒரு லி பாயைக் கொண்டு வருகிறேன்.

757-இல் அவர் இளவரசர் லி லின் பக்கம் போய்ச் சேர்ந்து மாட்டிக்கொண்டார். புதுப் பேரரசருடைய தம்பி அந்த லி லின். அண்ணன் தம்பி தகராறில் தம்பி தோற்றார், கவிஞர் சிறைக்குப் போனார். தென்மேற்கு மூலையில் யெலாங் என்ற இடத்துக்கு நாடு கடத்தல். யாங்சி ஆற்றில் எதிர் நீரோட்டத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே, 759-இல் பைதி நகர் அருகே மன்னிப்பு வந்து சேர்ந்தது. படகைத் திருப்பினார். அப்போது எழுதிய நாலு வரி: விடியலில் வண்ண மேகங்களுக்கு நடுவே பைதியை விட்டுக் கிளம்புகிறேன், ஆயிரம் லி (சீனத் தூர அளவு) தள்ளியிருக்கும் ஜியாங்லிங்குக்கு ஒரே நாளில் திரும்புகிறேன், இரு கரையிலும் குரங்குகளின் ஓலம் ஓய்வதற்குள் என் சின்னப் படகு பத்தாயிரம் மலைகளைத் தாண்டிவிட்டது.

தண்டனை, சிறை, மன்னிப்பு, பேரரசர் எதுவும் இதில் இல்லை. 58 வயது மனிதருக்கு உயிர் திரும்பி வந்திருக்கிறது, அவர் எழுதுவது படகின் வேகத்தை. எல்லாவற்றையும் தன்னைப் பற்றியதாக ஆக்குபவர் செய்கிற காரியமா இது?

போரையும் அவர் எழுதியிருக்கிறார். 'பழம்பாணி' வரிசையில் 19-ஆவதைப் பாருங்கள். தாமரைச் சிகரத்தில் ஏறுகிறார், தேவகன்னி கைகாட்டிக் கூப்பிடுகிறாள், அன்னத்தின் மேல் ஏறிப் பறக்கிறார். திடீரென்று கீழே பார்த்தால் லுவோயாங் சமவெளி. கலகப் படை ஓடுகிறது, புல்லெல்லாம் ரத்தம், ஓநாய்கள் அதிகாரிகளின் தொப்பியைப் போட்டுக்கொண்டிருக்கின்றன. கவிதை அங்கேயே நின்றுவிடுகிறது. அவ்வளவு உயரம் போனவருக்கும் தப்பிக்க வழி இல்லை. இதை ஆகாயக் கவிதை என்பதா, பூமிக் கவிதை என்பதா?

---

யாப்புப்பித்தன் எழுதியது:

இருவரும் என்ன பாடினார்கள் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். எந்தப் பாவில் பாடினார்கள் என்பதையும் கொஞ்சம் பார்க்கலாமே. எனக்கு வித்தியாசம் அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது.

தாங் காலத்தில் ஒழுங்குப் பா என்ற வடிவம் நன்றாக இறுகிவிட்டது. எட்டு வரி. எல்லா வரியிலும் ஐந்து எழுத்து (சீனத்தில் ஓர் எழுத்து ஓர் அசை), இல்லாவிட்டால் எல்லா வரியிலும் ஏழு. ஒவ்வொரு இடத்திலும் சொல்லின் தொனி ஏறுமா சமமா என்பதற்குக்கூட விதி. மூன்றாம் வரியும் நான்காம் வரியும் சொல்லுக்குச் சொல் எதிரெதிர் நிற்க வேண்டும், ஐந்தும் ஆறும் அப்படியே. முதல் இரண்டும் கடைசி இரண்டும் தளர்வாக இருக்கலாம்.

லி பாய்க்கு இந்த வேலி பிடிக்கவில்லை. ஏழெழுத்து ஒழுங்குப் பாவில் அவர் எழுதியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவருக்குப் பழைய நாட்டுப்பாடல் மெட்டுகள் வேண்டும், நாலு வரிக் கவிதை வேண்டும், நீள வரியும் குட்டை வரியும் கலந்து ஓட வேண்டும். ஷு நாட்டுக்கு (இன்றைய சிச்சுவான்) போகும் மலைப் பாதையைப் பற்றிய கவிதை 'அம்மாடியோ, எவ்வளவு உயரம்!' என்ற கூச்சலோடு தொடங்குகிறது. அப்புறம் நாலு எழுத்து வரி, ஐந்து, ஏழு, ஒன்பது என்று இஷ்டத்துக்கு மாறுகிறது. படிக்கும்போது நமக்கே மூச்சு வாங்கும். பாதை எப்படியோ வரியும் அப்படி.

து ஃபூவிடம் ஏழெழுத்து ஒழுங்குப் பா மட்டும் 150 அளவில் இருக்கிறது. விதியை மீறுவதற்குப் பதில் அதை இன்னும் கடுமையாக்கிக்கொள்வார். 767-இல் குய்சோவில் எழுதிய 'உயரம் ஏறுதல்' கவிதையில் நடு இரண்டு ஜோடிகள் மட்டுமல்ல, நாலு ஜோடிகளுமே எதிரெதிர் நிற்கின்றன. அதில் ஒரு ஜோடி: எல்லையில்லாமல் மரங்கள் சலசலவென உதிர்கின்றன, முடிவில்லாமல் யாங்சி குபுகுபுவென வருகிறது. எல்லையின்மைக்கு முடிவின்மை, மரத்துக்கு ஆறு, இரண்டு வரியிலும் ஒரே இடத்தில் இரட்டைக்கிளவி, விழுவதற்கு வருவது. இவ்வளவு கணக்குக்கும் நடுவில் நோயாளிக் கிழவர் ஒருவர் தனியாக மலையேறி நிற்கிறார். காசம், காதும் மந்தம், சமீபத்தில் மதுவையும் விட்டாயிற்று. கட்டு இறுக இறுகத் துக்கமும் கூடுகிறது.

வயதாக ஆக யாப்பில் நுணுக்கம் கூடுகிறது என்று அவரே ஒரு கவிதையில் சொல்லிக்கொண்டார். என் சொற்கள் ஆளை அதிர வைக்காவிட்டால் செத்தாலும் விடமாட்டேன் என்றும் சொன்னவர். லி பாய் வாயில் இந்த மாதிரி உழைப்பாளிப் பேச்சு வராது. அவரும் உழைத்திருப்பார், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான். தாங் காலத்துக் கவிஞர் யுவான் சென்னுக்கு து ஃபூ மேல்தான் சாய்வு. 813-இல் து ஃபூவின் கல்லறைக்கு எழுதிய வாசகத்தில், எட்டு வரியைத் தாண்டி நீளும் ஒழுங்குப் பாவில் லி பாய் இவருடைய வேலியைக்கூடத் தாண்டவில்லை என்றார். கொஞ்சம் ஓவர்தான்.

---

மொட்டைமாடி எழுதியது:

நிலாவை விட்டுவிட்டீர்களே.

லி பாயின் நிலா அவருக்குக் கூட்டாளி. பூக்களுக்கு நடுவே ஒரு குடம் மது, கூடக் குடிக்க ஆள் இல்லை. கோப்பையைத் தூக்கி நிலாவைக் கூப்பிடுகிறார், நிழலையும் சேர்த்தால் மூன்று பேர். அப்புறம் அவரே சொல்கிறார், நிலாவுக்குக் குடிக்கத் தெரியாது, நிழல் சும்மா பின்னாலேயே வருகிறது. வேடிக்கையாகத் தொடங்கும் கவிதை இந்த இடத்தில் சட்டென்று கனத்துவிடும்.

து ஃபூவின் நிலா 756-இல் வருகிறது. கலகக்காரர்கள் பிடித்த தலைநகர் சாங்ஆனில் அவர் சிக்கிக்கொண்டிருக்கிறார். மனைவியும் பிள்ளைகளும் வடக்கே ஃபூசோவில். கவிதை தொடங்குவதே 'இன்றிரவு ஃபூசோ நிலாவை அவள் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்' என்று. தன் தலைக்கு மேல் இருக்கும் நிலாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிள்ளைகள் சின்னவர்கள், அப்பா சாங்ஆனில் இருக்கிறார் என்று நினைத்து ஏங்கவும் தெரியாது. அவளுடைய கூந்தல் பனியில் நனைந்திருக்கும், கை சில்லிட்டிருக்கும். எப்போது இரண்டு பேரும் ஒரே திரைச்சீலை ஓரம் சாய்ந்து, கண்ணீர் காய நிற்போம் என்று முடியும்.

ஆற்றோரம் சொன்ன அதே விஷயம் இங்கேயும் நடக்கிறது. து ஃபூ தன் இடத்தை விட்டு எழுந்து போய் அடுத்தவர் இடத்தில் நின்று பார்க்கிறார். ஷிஹாவில் ஊரார் கிழவி, இங்கே சொந்த மனைவி.

---

செல்லாக்காசு எழுதியது:

எல்லோரும் து ஃபூவுக்குக் கற்பூரம் காட்டுகிறீர்கள். ஒரு எதிர்க்குரலும் இருக்கட்டும்.

ஷிஹாவில் தங்கியபோது அவர் சும்மா வழிப்போக்கர் அல்ல. ஹுவாசோ மாவட்ட நிர்வாகத்தில் பதவியில் இருந்தவர். சின்னப் பதவிதான், இருந்தாலும் அரசாங்க ஆள். கிழவியை இழுத்துப் போகிறான் ஒருவன், இவர் உள்ளே படுத்துக்கொண்டு காதைத் தீட்டிக் கேட்கிறார், விடிந்ததும் தன் வழியே போகிறார். கவிஞர் தன்னைக் காட்டாமல் மறைந்துகொண்டார் என்று ஆற்றோரம் மெச்சுகிறார். மறைவதற்கு வேறு காரணமும் இருக்கலாம் அல்லவா?

இன்னொன்று, கூரைக் கவிதை. 761, செங்டு. இலையுதிர் காற்று அவர் குடிசையின் கூரை வேய்ந்த புல்லைப் பிய்த்துக்கொண்டு போகிறது. தெற்குக் கிராமத்துப் பையன்கள் அதை அள்ளிக்கொண்டு மூங்கில் தோப்புக்குள் ஓடுகிறார்கள். இவர் வாய் வறளக் கத்துகிறார், 'என் கண் முன்னாலேயே திருடுகிறார்கள்' என்கிறார். சீன எழுத்தாளர் குவோ மோருவோ 1971-இல் இருவரையும் ஒப்பிட்டு எழுதிய புத்தகத்தில் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். ஏழை வீட்டுப் பிள்ளைகள் இவருக்குத் திருடர்களா? கடைசியில் கோடி அறை கொண்ட மாளிகை கட்டி எல்லோரையும் சிரித்த முகத்தோடு வாழவைக்க வேண்டும் என்று கனவு காண்கிறாரே, அதிலும் அவர் சொல்வது ஏழைப் படிப்பாளிகளைத்தான், குடியானவர்களை அல்ல என்றார் குவோ. அந்தக் காலத்து அரசியல் வாடை அதில் அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி கேள்விதான்.

---

ஆற்றோரம் எழுதியது:

செல்லாக்காசு, முதல் கேள்வி சரியான இடத்தில் குத்துகிறது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

அந்தப் போரை நடத்தியே ஆக வேண்டும் என்று து ஃபூ நம்பினார். அரசுப் படை தோற்றால் நாடே போய்விடும் என்ற பயம் வெறும் கற்பனை அல்ல. 755-இல் ஏறக்குறைய 5.29 கோடிப் பேர் பதிவேட்டில் இருந்தார்கள், 764-இல் அது 1.69 கோடியாகச் சுருங்கிவிட்டது. எல்லோரும் சாகவில்லை, கணக்கெடுக்கும் நிர்வாகமே குலைந்துபோனது என்பதுதான் பெரிய காரணம். அப்படியானாலும் எப்பேர்ப்பட்ட சரிவு! அதே பயணத்தில் எழுதிய இன்னொரு கவிதையில் நேற்றுக் கல்யாணமான பெண் கணவனிடம், என்னை நினைக்காதே, படையில் உன் கடமையைச் செய் என்கிறாள். ஆள் பிடிப்பது தேவை, ஆள் பிடிப்பது அநியாயம், இரண்டையும் ஒரே நேரத்தில் நம்பிய மனிதர் அதிகாரியிடம் என்ன பேசுவார்? அந்த மௌனத்தைக் கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை.

தன்னுடைய சலுகை அவருக்குத் தெரியாததும் அல்ல. 755 கடைசியில் குடும்பத்தைப் பார்க்க ஃபெங்ஷியன் போனார். வழியில்தான் அந்தப் புகழ்பெற்ற வரி வருகிறது: சிவப்புக் கதவு வீடுகளில் மதுவும் கறியும் நாறிப்போகின்றன, தெருவில் குளிரில் செத்தவர்களின் எலும்பு. வீட்டு வாசலை மிதித்தால் அழுகைச் சத்தம். கடைசிக் குழந்தை பட்டினியில் இறந்திருந்தது. அதை எழுதிவிட்டு அவர் போகும் இடத்தைப் பாருங்கள். எனக்கு வரி கிடையாது, படைக்கும் போக வேண்டாம், எனக்கே இந்தக் கதி என்றால் நிலம் இழந்தவர்களும் எல்லைக் காவலில் கிடப்பவர்களும் என்ன பாடுபடுவார்கள்? செத்தது சொந்தப் பிள்ளை. அந்த நேரத்தில் இப்படி யோசிக்கிற ஆள் லேசானவர் இல்லை.

வெட்டிப்பேச்சு சொன்ன பைதி கவிதைக்கும் ஒரு பதில். அதில் லி பாய் தன்னைப் பற்றிப் பேசவில்லை, உண்மை. ஆனால் அந்த நாலு வரியிலும் அசைவது அவர் ஒருவர்தான். மலை, குரங்கு, நகரம் எல்லாம் அவரைக் கடந்து பின்னால் போகின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வேகத்துக்காகத்தான் அவரைப் படிக்கிறோம்.

---

தேநீர்க்கடை எழுதியது:

ஒரு சின்னச் சந்தேகம். இவர்கள் இரண்டு பேரும் நண்பர்கள்தானே? து ஃபூ பத்துப் பதினைந்து கவிதை லி பாயைப் பற்றி எழுதினார், லி பாய் ஏதோ போனால் போகிறது என்று ஒன்றிரண்டு எழுதினார் என்று படித்தேன். ஒருதலையான நட்பா?

---

வெட்டிப்பேச்சு எழுதியது:

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். 744-இல் லுவோயாங்கில் சந்தித்தார்கள். லி பாய்க்கு 43 வயது, அரண்மனையிலிருந்து அப்போதுதான் அனுப்பிவிட்டார்கள், நாடே அறிந்த பெயர். து ஃபூ 11 வயது இளையவர், தேர்வில் தோற்றவர், யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் ஷான்டோங்கில் சேர்ந்து சுற்றிவிட்டுப் பிரிந்தார்கள். அப்புறம் சந்திக்கவே இல்லை.

பிரிந்த கையோடு லி பாய் ஷாசியூ ஊரிலிருந்து ஒரு கவிதை அனுப்பினார். லு நாட்டு மது ஏறவே மாட்டேன் என்கிறது, ச்சி நாட்டுப் பாட்டில் உணர்ச்சி வீணாகப் போகிறது, உன் நினைவு வென் ஆறு மாதிரி தெற்கே ஓடுகிறது. லி பாய் வாயால் மது ஏறவில்லை என்று வருவது சாதாரண விஷயமா? வேறு யாருக்காவது எழுதியிருந்தால் உபசாரம் என்று விட்டுவிடலாம்.

து ஃபூவின் பக்கம் 759-இல் எழுதிய கனவுக் கவிதைகள் இரண்டு. லி பாய் நாடு கடத்தப்பட்ட செய்தி மட்டும் தெரியும், அப்புறம் தகவலே இல்லை. மூன்று இரவு தொடர்ந்து கனவில் வருகிறார். உயிரோடு இருப்பவரின் ஆவிதானா இது என்று பயம். விழித்தால் சாயும் நிலாவின் ஒளி உத்தரமெங்கும், அது உன் முகத்தில்தான் படுகிறதோ என்று தோன்றுகிறது. தண்ணீர் ஆழம், அலை பெரிசு, நீர்நாகங்களிடம் சிக்கிவிடாதே என்று எச்சரிக்கிறார். இதில் கொடுமை என்னவென்றால் லி பாய்க்கு அந்த வருட வசந்தத்திலேயே மன்னிப்பு கிடைத்துவிட்டது. அவர் யாங்சியில் குஷியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். செய்தி து ஃபூவுக்கு வந்து சேரவில்லை.

---

யாப்புப்பித்தன் எழுதியது:

செல்லாக்காசுவின் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், அதுவும் ஒழுங்குப் பாவிலிருந்தே.

767, குய்சோ. து ஃபூ இரண்டு வருடத்துக்கும் குறைவாக அங்கே இருந்து நானூறு கவிதைக்கு மேல் எழுதிய காலம். முன்பு குடியிருந்த குடிசையை வூ என்ற உறவுக்காரப் பையனுக்கு விட்டுவிட்டு வேறு இடம் போய்விட்டார். குடிசை வாசலில் ஓர் இலந்தை மரம். மேற்கு வீட்டு விதவை ஒருத்தி, சோறும் இல்லை பிள்ளையும் இல்லை, வந்து பழம் உலுக்கிப் பொறுக்கிக்கொண்டு போவாள். இவர் இருந்தவரை கண்டுகொண்டதில்லை. வூ வந்ததும் வேலி போட்டுவிட்டான்.

அதற்குத்தான் இந்தக் கவிதை. ஏழெழுத்து, எட்டு வரி, இலக்கண சுத்தம். கதியற்றுப் போகாவிட்டால் அவள் இப்படி வருவாளா? அவள் பயந்துகொண்டே வருகிறாள், அதனாலேயே நாம்தான் கூடுதலாக ஒட்டுதல் காட்ட வேண்டும். உன்னை அவள் அந்நியன் என்று அஞ்சுவது அதிகப்படிதான், ஆனால் நீ வேலி போட்டால் அது மெய்யாகிவிடும். வரி பிடுங்கிப் பிடுங்கி எலும்புவரை வற்றிப்போனேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். போரை நினைத்தால் எனக்குக் கண்ணீர் துணியை நனைக்கிறது.

அவனைத் திட்டவில்லை, அவனுக்கும் ஒரு சமாதானம் வைத்துவிட்டுத்தான் சொல்கிறார். அரண்மனைக் காலை வணக்கத்தையும் அரசர் விருந்தையும் பாடப் பயன்பட்ட அந்த மிடுக்கான வடிவத்தை, வேலியை எடு என்று வீட்டுப் பையனுக்கு அனுப்பும் ஒரு சீட்டுக்குப் பயன்படுத்திவிட்டார். து ஃபூவின் புதுமை இதுதான் என்பேன். கூரைப் புல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிய பையன்களைத் திருடன் என்று கத்தியவரும் இவர்தான். அன்று மழையில் கூரை ஒழுக, ஈரப் படுக்கையில் கிடந்த கிழவர் வேறென்ன சொல்வார், ஆசீர்வாதமா செய்வார்?

---

செல்லாக்காசு எழுதியது:

இலந்தை மரக் கவிதை நல்ல பதில். குவோ மோருவோவுக்கும் அது போய்ச் சேர வேண்டியதுதான். ஆனால் ஷிஹாவ் விஷயத்தில் நான் இன்னும் இறங்கி வரவில்லை. வூவுக்கு எட்டு வரி எழுதத் தெரிந்தவருக்கு அந்த அதிகாரிக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

லி பாய் அங்கே தங்கியிருந்தால்? வாளை உருவியிருப்பார் என்று பெருமையாகக் கவிதை எழுதியிருப்பார். உருவினாரா என்பது வேறு விஷயம்.